சோப்பு ஆலையில் பாய்லர்

மேலாண்மைப் பேராசிரியை வகுப்பில் விளையாட்டு வைத்துப் பாடம் நடத்துவது அவருடைய கணவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அதே கல்லூரியில் அவர் இயந்திரவியல் துறைத் தலைவர். சட்டென்று கொதித்துவிடுவார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் பாய்லர்.

இரண்டு துறை மாணவர்களுக்கும் சேர்த்து வகுப்பு நடந்த அன்று அவர் வாசலில் வந்து நின்றார்.

"இன்ஜினியராகப் போற பசங்க கையில பட்டனக் குடுத்து உக்கார வெச்சிருக்கியே!"

"ஆலை மேஜையில ஒரு ஆள் குறையுது. வந்து உக்காருங்க."

மேஜைகள் மூன்று: கடை, கிடங்கு, ஆலை. பட்டன்தான் சோப்பு. வாடிக்கையாளருக்கு எத்தனை வேண்டும் என்று பேராசிரியை கடைக்கு மட்டும் தெரிவிப்பார். கடை கிடங்கிடம் கேட்கும், கிடங்கு ஆலையிடம் கேட்கும். எல்லாம் துண்டுச் சீட்டில்தான், வாய் திறக்கக் கூடாது. கேட்ட சரக்கு இரண்டு சுற்று கழித்துத்தான் வந்து சேரும்.

போகப்போகச் சீட்டில் எண்கள் எகிறின. பாய்லர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஊரே குளிக்குதுடா! ஓட்டுங்க மிஷின!"

திடீரென்று வந்த சீட்டில் பூஜ்யம். அடுத்ததிலும் பூஜ்யம். மேஜையில் குவிந்த பட்டன்கள் தரையில் உருண்டன. அவர் எழுந்துவிட்டார்.

"யோவ் கிடங்கு! அள்ளி அள்ளிக் கேட்டுட்டு இப்ப கைய விரிச்சா எப்படி?"

"பேசக் கூடாதுங்க," என்றார் மனைவி.

"சரக்கு மலையாக் கெடக்கு, பேசாம எப்படி இருக்கறது?"

ஆட்டம் முடிந்ததும் கடைக்கு வந்த வாடிக்கையாளர் கணக்கைப் பேராசிரியை பலகையில் எழுதினார். ஒரே ஒருமுறை லேசாக ஏறியிருந்தது. அப்புறம் கடைசி வரை அப்படியே.

கடைக்காரி நெளிந்தாள். "சரக்கு வர லேட்டாச்சு சார். பயத்துல கொஞ்சம் கூட்டிக் கேட்டோம்."

"அதப் பாத்து நாங்க பயந்துட்டோம்," என்றான் கிடங்குக்காரன்.

"நீங்க?" என்றார் மனைவி.

"நான் ஏன் பயப்படறேன்?" பாய்லர் மீசையைத் தடவினார். "புதுசா ரெண்டு ஆலை கட்டினேன். அவ்வளவுதான்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை. அவருடைய பல்வரிசையை மாணவர்கள் அன்றுதான் முழுதாகப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் பேராசிரியை பட்டறைப் பக்கம் போனபோது அங்கே அதே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பட்டனுக்குப் பதில் நட்டு. கணவர் ஓரமாக நின்று சீட்டுகளை வாங்கி அடுத்த மேஜைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஆடலையா?" என்று காதோரம் கேட்டார்.

"ஷ்ஷ்! பேசக் கூடாது," என்றவர் கண்ணாலேயே ஆலை மேஜையைக் காட்டினார்.

அங்கே கல்லூரி முதல்வர் நட்டுக் குவியலுக்குப் பின்னால் கழுத்து டையைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் போடுங்கடா! பத்தாது!"