கடைமடைக்கு வந்த மேடை

நீலாம்பாள் நடத்திய பெண்கள் குத்துச்சண்டையின் இறுதி ஆட்டம் குத்தாலத்துக்குத் தெற்கே காலையில் தொடங்கி, பொழுது சாயும் நேரத்தில் தரங்கம்பாடிக் கடலோரத்தில் முடிந்தது. நடுவில் மேடையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, அதுவாகத்தான் போனது. இரும்புச் சட்டமும் மாமரப் பலகையுமாக ஒரு லாரி பாரம் இருக்கும் அந்த மேடை. இரும்பு தண்ணீரில் மிதக்காது என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்கு மிதந்தது. கரையோர ஊர்களில் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வயலுக்குத் தண்ணீர் கட்டும் அவசரத்தில் இருந்ததால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீலாம்பாள் வேலங்குடியில் பிறந்தவர். காவிரியிலிருந்து பிரிந்து வரும் சின்னாற்றின் கடைமடை அது. அதாவது மேலே இருக்கிற ஊர்களெல்லாம் வயிறு நிறையக் குடித்த பிறகு மிச்சமிருந்தால் தண்ணீர் வந்து எட்டிப் பார்க்கும் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். நீலாம்பாளும் நடவுக்குப் போனார். போன கொஞ்ச காலத்திலேயே, நாற்று நடுவதைவிட நடுகிறவர்களைத் திரட்டுவதுதான் தனக்கு வரும் வேலை என்று கண்டுகொண்டார். எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கை வேகம், யாருக்கு வாய் வேகம், எந்த இரண்டு பேரை அடுத்தடுத்து நிறுத்தினால் வயலில் ரகளையாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாளைக்கு ஆள் வேண்டும் என்று முதல் நாள் சொன்னால் போதும், கணவர் வேம்பு ஓட்டும் குட்டியானை வண்டி நிறையப் பெண்கள் வந்து இறங்குவார்கள். பிறகு நடவு இயந்திரம் வந்தது. கையில் ஆட்களும் வண்டியும் இருந்தன, வேலைதான் இல்லை. கட்சிக் கூட்டங்களுக்கு ஆள் அழைத்துப் போக ஆரம்பித்தார். எல்லாக் கட்சிக்கும் போனார். தொழில் என்று வந்துவிட்டால் பாகுபாடு பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அப்படிச் சென்னையில் ஒரு மாநாட்டுக்குப் போனபோது, வண்டி வழி தவறி வடசென்னையில் ஒரு சந்துக்குள் மாட்டிக்கொண்டது. சந்து முழுக்க ஜனம். நடுவில் கயிறு கட்டிய மேடையில் இரண்டு பெண்கள் கையுறை மாட்டிக் குத்திக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது, ஒருத்தர் நகரவில்லை. பிரியாணிப் பொட்டலம் கொடுத்தும், தலைவர் பேசி முடிக்கும்வரை ஆட்களை உட்காரவைக்கத் திண்டாடுகிறவர் நீலாம்பாள். இங்கே கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கி நனைந்துகொண்டிருந்தார்கள். மாநாட்டை மறந்து, கூட்டிவந்த பெண்களோடு கடைசி ஆட்டம்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அந்த ஆடியிலேயே முதல் போட்டியை நடத்திவிட்டார்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் ஈயோட்டும். சொற்ப வாடகைக்கு மண்டபம் பிடித்து, மணவறை போடுகிற இடத்தில் குத்துச்சண்டை மேடையைப் போட்டார். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை ஏறி ஏறித் தோள் திரண்டவர்களையும், தரங்கம்பாடியில் வலை இழுத்து மணிக்கட்டு இறுகியவர்களையும் தேடிப் பிடித்தார். எடை பார்க்க அரிசி மில் தராசு. மைக்கை அவரே பிடிப்பார்; நடவு வயலில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல், மைக் இல்லாமலும் கேட்கும். பெண்கள் ஆட்டம் வைத்தால் ஊர் சிரிக்கும் என்றார்கள். முதல் வருஷம் சிரிக்க வந்தவர்கள் அடுத்த வருஷம் நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு, மண்டபத்தில் மின்விசிறி போதவில்லை என்று அங்கிருந்து குறை சொன்னார்கள். வருஷங்கள் ஓடின. தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் நீலாம்பாள் போட்டி என்றால் சுவரில் ஒட்டின பசை காயுமுன் டிக்கெட் தீர்ந்துவிடும் என்ற நிலை வந்தது. இதையெல்லாம் யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை, யாரும் கைதூக்கிவிடவும் இல்லை. அதில் எங்களுக்குப் பெருமைதான், அதை மறைப்பானேன்.

கடைசியில் மாநிலக் குத்துச்சண்டைச் சங்கத்துக்காரர்கள் ஒரு பெரிய போட்டியை அவரிடம் ஒப்படைத்தார்கள். வேலங்குடிக் கயல்விழிக்கும் பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்காரர் மகள் வானதிக்கும் இறுதி ஆட்டம், மூன்று ரவுண்டு. திறந்தவெளியில் நடத்த வேண்டும். ஏற்பாட்டில் குறை ஏற்பட்டு ஆட்டம் பாதியில் நின்றால், நீலாம்பாள் இனி எங்கேயும் போட்டி நடத்த முடியாது. அனுமதி அதோடு ரத்து. நடுவராக நாகூர் ஹபீப் முகம்மதைப் போட்டார்கள். நேர்மையான மனிதர், ஆனால் மேடையில் நாலு தூறல் விழுந்தாலே ஆட்டத்தை நிறுத்தியவர் என்று பேர் வாங்கியவர்.

இடம் கேட்டு நீலாம்பாள் முதலில் தங்கையனிடம் போனார். வேலங்குடிக்கு மேலே உள்ள ஊரில் பெரிய நிலக்காரர் அவர். உளுந்து எடுத்த பிறகு ஆற்றங்கரை வயல் வெறுமனே கிடந்தது. இரண்டு தலைமுறையாக நீலாம்பாள் குடும்பம் நட்டுக் கொடுத்த வயல். "கிடை போட்டிருக்கேன் நீலாம்பா. நீ வேற எடம் பாரு" என்று சொல்லிவிட்டார். அந்த வயலில் ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை. கூலியைக் கையில் கொடுக்காமல் வரப்பில் வைத்துவிட்டுப் போகிறவர் தங்கையன். மற்றபடி நல்லவர் என்று சொல்கிறவர்கள் உண்டு. வரப்பிலிருந்து குனிந்து எடுத்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அவர் இல்லை என்றதும், அவர் தராத இடத்தில் நாம் தந்தால் நன்றாக இருக்காது என்று மற்ற நிலக்காரர்களும் கையை விரித்தார்கள். நீலாம்பாள் சண்டைக்கு நிற்கவில்லை. ஆறு யார் பட்டாவிலும் இல்லை என்று சொல்லி, குத்தாலத்துக்குத் தெற்கே, வறண்டு கிடந்த சின்னாற்று மணலில் மேடையை இறக்கினார்.

இதில்தான் அவர் தப்புக் கணக்குப் போட்டார். கடைமடைக்காரர் யாராக இருந்தாலும் அந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, சின்னாற்றுக்குள் தண்ணீர் வர ஆடி பிறந்துவிடும். அதுவும் வந்தால்தான் உண்டு. பிறந்ததிலிருந்து அதைத்தானே பார்த்திருக்கிறார்கள். மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது நீலாம்பாள் அதை ஒரு காதில்கூட வாங்கிக்கொள்ளவில்லை. மேல்மடைக்காரர் ஒருவராவது கூட இருந்திருந்தால் ஆனி மாதத்தில் ஆற்றுக்குள் கம்பம் நட விட்டிருக்க மாட்டார்.

முதல் ரவுண்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. நுரையும் சருகும் எறும்புமாக, மணலைச் சப்பிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஜனம் கரைக்கு ஏறியது. தலைமை தாங்க வந்த பிரமுகர் தனக்கு வைத்திருந்த பொன்னாடையைக்கூட வாங்காமல் காருக்கு ஓடினார். மதிப்பெண் போடுகிறவர்கள் மட்டும் மேடை விளிம்பில் தொற்றி ஏறி, கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். தண்ணீர் மேடைக்கு அடியில் புகுந்தது, மேடை ஒருமுறை குலுங்கி மணலைவிட்டு எழுந்தது. ஹபீப் முகம்மது கையைத் தூக்கி இரண்டு பெண்களையும் விலக்கினார். நீலாம்பாள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனார்.

"பலகை நனைஞ்சிருக்கா சார்?"

"இல்லம்மா."

"கயிறு தொய்ஞ்சிருக்கா?"

"இல்ல."

"மேடை நகரக் கூடாதுன்னு உங்க சட்டத்துல எங்கயாவது இருக்கா?"

ஹபீப் முகம்மது நேர்மையானவர் என்று சொன்னேன் அல்லவா, யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆட்டம் தொடர்ந்தது.

மேடை தண்ணீரோடு போனது. தண்ணீரின் முனை எதுவோ, அதுதான் மேடையின் முனை. ஒன்று மற்றதை முந்தவில்லை. ஹபீப் முகம்மதின் கடிகாரத்தில் ஒரு ரவுண்டு மூன்று நிமிடம்தான். கரையில் அதற்குள் வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு ஊரில் கயல்விழி இடக்கையைத் தூக்கினால் அடுத்த ஊரில்தான் அது வானதியின் தாடைக்குப் போய்ச் சேர்ந்தது. கரையில் நின்றவர்கள் நெல்லும் பூவும் தூவினார்கள். புதுத் தண்ணீருக்குத் தூவினார்களா, ஆட்டத்துக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூவிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினார்கள். கூட்டம் கலைவதைப் பார்ப்பது போட்டி நடத்துகிறவருக்குக் கொடுமை. ஆனால் ஒரு ஊர் கலைந்தால் அடுத்த ஊர் கரையில் காத்திருந்தது. வேம்பு கரைச்சாலையில் வண்டியை ஓட்டி முன்னே முன்னே போய் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது இடைவேளையின்போது மேடை நின்றுவிட்டது. அது தங்கையன் ஊர். அவர் வாய்க்காலின் தலைப்பில் உள்ள ஷட்டர் திறந்து கிடந்தது. ஆற்றுத் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அரசாங்கத்து ஷட்டர்தான், சாவி மட்டும் அவர் வீட்டில் இருக்கும். கடைமடைக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்று கேட்டு எத்தனையோ பேர் எங்கெங்கோ போய் நின்றிருக்கிறார்கள். காரணம் அங்கேதான் துருப்பிடித்து நின்றது. தண்ணீர் வடிய வடிய மேடை ஒரு பக்கம் தரைதட்டிச் சாய்ந்தது. ஹபீப் முகம்மது பலகையில் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைப் படுக்கவைத்தார். அது உருண்டு போனது. மணி அடிக்கும்போது மேடை சமமாக இல்லையென்றால் மூன்றாவது ரவுண்டு கிடையாது, அறிக்கையில் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். ஒரு நிமிட இடைவேளை. நீலாம்பாள், பிரமுகர் விட்டுப்போன பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்கோடு மணலில் இறங்கினார். இறங்கிவிட்டதால் அவருக்குக் கரையின் நேரம் கிடைத்தது. மேடையின் ஒரு நிமிடம் அங்கே அரை மணிக்கு மேல் இருந்தது.

தங்கையன் ஷட்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இரண்டு கரையிலும் ஜனம். மேடையின் பின்னாலேயே நடந்துவந்த கடைமடைக்காரர்கள் அதில் பாதிக்கு மேல். வயலுக்குத் தண்ணீர் இன்னும் வராதவர்கள். நீலாம்பாள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார், கேட்டுப் பார்த்தாகிவிட்டது. மைக்கைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"கடைமடை ஜனங்களுக்காகத் தன்னோட ஷட்டரை இறக்கிக் குடுத்து, இந்த ஆட்டத்தை நடத்திவைக்கிற பெரியவர் தங்கையன் ஐயா அவங்களுக்கு, விழாக் குழு சார்பா இந்தப் பொன்னாடையை அணிவிச்சுக் கௌரவிக்கிறோம்."

கைதட்டல் இரண்டு கரையிலும் எழுந்தது. தங்கையன் அப்போது எதையும் இறக்கிக் கொடுத்திருக்கவில்லை. ஆனால் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டாத மனிதர் நம் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. நீலாம்பாள் இரண்டு கையிலும் விரித்துப் பிடித்திருந்தார். அவர் குனிந்தார். வரப்பில் வைத்துவிட்டுப் போகிறவர், நீலாம்பாள் கையால் போட்டதைத் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். வேம்பு படம் எடுத்தார். பொன்னாடையைப் போட்டுக்கொண்ட பிறகு சும்மா நிற்க முடியுமா? ஷட்டர் சக்கரத்தை அவரே பிடித்தார். எத்தனை வருஷமாகவோ சுற்றப்படாத சக்கரம்; இறுகிக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து, சுற்றினார். நீலாம்பாளும் மறுபக்கம் ஒரு கை கொடுத்தார். ஷட்டர் முழுசாக இறங்கியது. ஆறு திரும்பி ஆற்றுக்குள்ளேயே வந்தது. மேடை எழுந்து சமமானது, நீலாம்பாள் தாவி ஏறினார், மணி அடித்தது.

மூன்றாவது ரவுண்டு கடைமடை ஊர்களின் ஆட்டம். வேலங்குடியில் மேடை நுழைந்தபோது கயல்விழி அடி வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா கரையில் நின்று பார்த்தார். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஏறுவதைக் கண்டதும், மகளை வானதியிடம் விட்டுவிட்டு மடை திறக்கப் போனார். இதைக் கயல்விழி இன்றுவரை குறையாகச் சொன்னதில்லை. வேலங்குடி தாண்டியதும் அவள் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஊராகக் கூட்டம் வயலுக்குள் போய்விட, கடலை நெருங்கும்போது பார்க்க ஆளில்லை என்று நீலாம்பாள் கவலைப்பட்ட நேரத்தில் தரங்கம்பாடி வந்தது. மீன்காரர்களுக்கு ஆற்றுத் தண்ணீரால் ஆக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. முழுசாக உட்கார்ந்து பார்த்தார்கள். அலைச் சத்தத்தில் கடைசி மணி அடித்தது. ஹபீப் முகம்மது கயல்விழியின் கையைத் தூக்கினார். அறிக்கையில், ஆட்டம் தடையின்றி முழுமையாக நடந்தது, மேடை சமமாக இருந்தது என்று எழுதினார். நீலாம்பாள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மறுநாள் மேடையை லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். லாரிக்காரர் வழக்கமான வாடகைதான் கேட்டார்.

அந்த வருஷம் வேலங்குடியில் குறுவை விளைந்தது. அடுத்த வைகாசியில், இந்தத் தடவை மேடை என்றைக்கு வருகிறது என்று ஊர் ஊராக விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்த ஊருக்கு எந்த ரவுண்டு என்பதில்தான் தகராறு. தங்கையனும் ஒருநாள் நீலாம்பாள் வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தார். வேம்பு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"எல்லா ஊருக்கும் ரவுண்டு வந்துச்சு, எங்க ஊருக்கு இடைவேளைதான் வந்துச்சு. பசங்க என்னையத் திட்டுறானுவ" என்றார் தங்கையன். பிறகு, "ஆத்தங்கரை வயலை எடுத்துக்கங்க. மேடையை அங்கயே போடுங்க" என்றார்.

நீலாம்பாள் அவசரப்படவில்லை. தன் டீயை ஒரு வாய் குடித்தார்.

"நிலம் வேண்டாங்க, ஆறு போதும். மூணாவது ரவுண்டு உங்க ஊர்ல ஆரம்பிக்கிற மாதிரி பாக்குறேன். நீங்க அந்த ஷட்டருக்கு மட்டும் கிரீஸ் போட்டு வச்சிருங்க."

தங்கையன் சரி என்று தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரை நீலாம்பாள் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.