பச்சைத் தண்ணீர்

டிராக்டர் வாங்கப் போன அன்று மாமனார் ஒரு குச்சியைக் கையோடு கொண்டுவந்தார். எங்கள் தோட்டத்திலேயே மிகத் தாழ்ந்த ஆப்பிள் கிளையின் உயரத்துக்கு நறுக்கிய குச்சி. ஷஹ்ரெஸா நகரத்துக் கடையில் ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் அதை நிறுத்திப் பார்த்தார். விற்பவர் குதிரைத்திறன் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மாமனாருக்கு இடது காது கேட்காது. வேண்டாத பேச்சுக்கு அந்தக் காதைத்தான் காட்டுவார்.

கடைசி வரிசையில் ஒரு சின்னச் சிவப்பு வண்டி, குச்சியைவிட ஒரு விரல் தாழ்வாக நின்றது.

"இதுதான். கிளை முறியாது" என்றார்.

முப்பது வருடம் அடுத்தவர்களின் டிராக்டரை ஓட்டியவர். சொந்தமாக இதுதான் முதல்.

ஊருக்குக் கொண்டுவந்து நான்கு சக்கரங்களின் அடியிலும் கண் படாமலிருக்க முட்டை வைத்து நசுக்கினோம். பக்கத்து வீட்டு மஷ்தி குர்பான் வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்ன நுஸ்ரத், மீதிப் பாதி எப்ப வரும்?"

"உன்னுது எருமை. ஆப்பிள் மரத்தடியில எருமைக்கு என்னய்யா வேலை? இது கோவேறு கழுதை. குனிஞ்சு போகும்" என்றார் மாமனார்.

நான் அந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இஸ்ஃபஹானில் வேதியியல் படித்தவள். என் மெல்லிய குரலில் எதைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர்கள் "என்ன?" என்று கேட்பார்கள். இரண்டாம் முறை சொல்வதற்குள் சொல்லத் தோன்றாமல் போய்விடும்.

முதல் பனி விழுந்த வாரம், மாமனார் தோட்டத்தில் கிளை கழிக்கப் போயிருந்தபோது, நானும் என் கணவர் கியூமர்ஸும் வண்டியைக் குளிருக்குத் தயார் செய்தோம். பேட்டரி முனைகளைத் துடைத்துக் கிரீஸ் தடவினோம். டீசலில் குளிர்கால மருந்து கலந்தோம். ரேடியேட்டரில் இருந்த வெறும் தண்ணீரை இறக்கிவிட்டு, குளிரில் உறையாத பச்சை நிறக் கூலன்டை நான் அளந்து கொடுக்க அவர் ஊற்றினார். தண்ணீரும் அதுவும் பாதிக்குப் பாதி.

"எவ்வளவு குளிர் தாங்கும்?"

"மைனஸ் முப்பத்தாறு."

"நம்ம ஊருக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது" என்று சிரித்தார்.

மறுநாள் அவர் ஆப்பிள் பெட்டிகளோடு இஸ்ஃபஹானுக்குக் கிளம்பினார். போகும்போது, "பனஃப்ஷெ, அப்பாகிட்ட நீ சொல்லிடு. பழைய பழக்கத்துல தினமும் சாயங்காலம் தண்ணிய இறக்கிடுவாரு. இதுல வேண்டாம்னு சொல்லு" என்றார்.

எங்கள் மலையில் எல்லா ஓட்டுநர்களும் அப்படித்தான். மாலையில் எஞ்சின் தண்ணீரை இறக்கிவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றிக் கிளப்புவார்கள்.

சாப்பிடும்போது சொன்னேன். "மாமா, இனிமே ராத்திரி தண்ணி இறக்க வேண்டாம். உள்ளே உறையாத மருந்து இருக்கு."

"என்னம்மா? இறக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்தைத் தட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அடுப்புச் சாம்பலைக் கொட்டக் கொட்டகையின் பின்னால் போனேன். அன்றிரவு மைனஸ் பதினெட்டு என்று வானொலி சொல்லியிருந்தது. ஆட்டுத் தொட்டி அடிவரை கல்லாகியிருந்தது. ஆனால் சுவரோரக் குழியில் பச்சையாக ஏதோ தேங்கி அசைந்துகொண்டிருந்தது. குச்சியால் தொட்டேன். உறையவில்லை. அந்தக் குளிரில் அப்படிப் பச்சையாக உறையாமல் நிற்கக்கூடியது ஒன்றுதான். ஆடுகள் நக்கிவிடக் கூடாதென்று சாம்பல் முழுவதையும் அதன்மேல் கொட்டிவிட்டு ஓடினேன்.

கொட்டகைக்குள் வண்டியின் மூக்கின்மேல் மாமனாரின் கம்பளி அங்கி போர்த்தியிருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே நிறமில்லாத தண்ணீர். தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். இரும்பு அதற்கு இடம் கொடுக்காது, பிளந்துவிடும். கீழே இருந்த, தண்ணீர் இறக்கும் திருகை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. மாமனாரைத் தேடி ஓடினேன்.

மஷ்தி குர்பான் வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடி ஆண்களின் செருப்புகள் கிடந்தன. உள்ளே மாமனாரின் குரல் கேட்டது.

"மூடியத் திறந்து பாக்கறேன், ஒரே பச்சை! கடைக்காரன் குளத்துப் பாசித் தண்ணிய ஊத்தி அனுப்பியிருக்கான். புது வண்டிக்கு இப்படியா செய்வான்? மூணு தடவை அலசிட்டு நம்ம ஊத்துத் தண்ணிய ஊத்தினேன். கண்ணாடி மாதிரி தண்ணி!"

"வண்டிக்கும் சர்க்கரை போட்டு டீ குடு" என்றார் குர்பான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கதவருகே நின்றேன். "மாமா."

யாருக்கும் கேட்கவில்லை. "மாமா, தண்ணி..."

"நுஸ்ரத், உன் மருமக ஏதோ சொல்லுது பாரு. வாய் அசையுது" என்றார் ஒருவர்.

மாமனார் திரும்பினார். இடது காது என் பக்கம் இருந்தது. இதற்குள் வண்டித் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

"மாமா! தண்ணிய இறக்கணும்! இப்பவே! உறைஞ்சா எஞ்சின் உடைஞ்சிரும்!"

யாரோ டீக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். மாமனார் எழுந்து வெறுங்காலில் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

ஓடும்போதே எல்லாவற்றையும் சொன்னேன், அவருடைய வலப்பக்கம் ஓடியபடி. அவர் கொட்டகையில் மண்டியிட்டு இடுக்கியால் திருகைப் பிடித்தார்.

"உடைஞ்சிருச்சா?" என்றார். என் குரலைவிடச் சின்னக் குரலில்.

"தெரியல மாமா. திறங்க."

திருகு கழன்றது. ஒரு கணம் ஒன்றுமே வரவில்லை. பிறகு மெல்லிய ஆவியோடு தண்ணீர் கொட்டியது. கையை நீட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது. பகலெல்லாம் ஓடிய சூடு அவருடைய அங்கிக்கு அடியில் இன்னும் மிச்சமிருந்தது.

"உடையல" என்றேன். "உங்க அங்கிதான் காப்பாத்திருக்கு."

அவர் எஞ்சினில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டு நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மருந்துன்னு நீ சொல்லவே இல்லியேம்மா. தண்ணி இறக்க வேண்டாம்னு மட்டும்தானே சொன்னே."

"சொன்னேன் மாமா. எனக்கே கேக்காத மாதிரி சொன்னேன்."

"நானும் கேக்காத காதைத்தானே குடுத்தேன்" என்றார். "ஆளுக்குப் பாதி தப்பு." திருகை மறுபடி பூட்டிவிட்டு, "பாதிக்குப் பாதியா ஊத்தணும்னு சொன்னியே, அந்த மாதிரி" என்றார்.

அங்கியை எடுத்து அவருக்குப் போர்த்தினேன். வண்டி அன்றிரவு வெறும் வயிற்றோடு தூங்கியது.

காலையில் மீதமிருந்த கூலன்ட் கேனை நான் எடுத்து வந்தபோது, அவர் ஊற்றிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார்.

"இதுல பாதி சேத்துக்கலாம்ல?"

"ஊத்துத் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு மாமா. டீ போடற சமோவார் அடியில வெள்ளையாப் படியுதே, அது ரேடியேட்டர்லயும் படியும். பனிய உருக்கி ஊத்தலாம்."

அவர் வாளியை ஒரு தடவை பார்த்தார். அந்த ஊற்றைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் குறை சொன்னதில்லை. பிறகு அதை ஆடுகளின் முன் வைத்துவிட்டு மண்வெட்டியோடு கூரைமேல் ஏறினார். மேலேயிருந்து கேட்டார்:

"எவ்வளவு பனி வேணும்?"

சொன்னேன்.

"கேக்கல!"

அடுத்த கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்த மஷ்தி குர்பான் நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டேன்.

"பெரிய அண்டா நிறைய, மாமா! அடியில இருக்கற அழுக்குப் பனி வேண்டாம்!"

"பாவம்யா நுஸ்ரத்" என்றார் குர்பான். "உன் வீட்டு ஊமைக்கு வாய் முளைச்சிருச்சு."

மாமனார் அவருக்கு இடது காதைக் காட்டிவிட்டு, மேல்பனியை மட்டும் கவனமாக வழித்தெடுக்க ஆரம்பித்தார்.