கேட் வரைக்கும்

1

இந்தக் கதை ஒரு புகாரில் தொடங்கியது.

"ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா கார் பின்னாடி இழுக்குதுடா" என்றாள் அக்கா.

புது ஆட்டோமேட்டிக். இடது முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் வாங்கியது. அத்தான் இறந்து இரண்டு வருடம். நான் எழுதுகிறவன், உடனே கதையைப் பார்த்தேன். தம்பியாக அவளைப் பார்த்திருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: "கணவனை இழந்த ஒரு பெண், தனிமையின் நெடுஞ்சாலையில்"

வேண்டாம். அக்கா படித்தால் உதைப்பாள்.

இரண்டாவது: அத்தானின் பழைய கார் கையால் கியர் மாற்றுவது. தெருமுனை வந்ததும் நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுத்துவிடுவார். "கேட் வரைக்கும் போகுமா, போகாதா?" அக்கா போகாது என்பாள். கார் மிதந்துபோய் வீட்டுக் கேட்டருகே நிற்கும். தோற்றவர் டீ போட வேண்டும். பதினோரு வருடம் அக்காதான் போட்டாள்.

(போகும் என்று அவளுக்குத் தெரியும்.)

இது இருக்கட்டும்.

3

மெக்கானிக்கை நரைத்த தலையோடு, தத்துவம் பேசுகிறவராக எழுதிப் பார்த்தேன். பொய். அவருக்கு முப்பது வயதிருக்கும். அவசரத்தில் இருந்தார்.

"பிரேக் எதுவும் ஒட்டிப் பிடிச்சுக்கலக்கா. நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுத்திப் பாத்துட்டேன்."

"அப்புறம் யாரு இழுக்கறது?"

"இன்ஜின்தான். நீங்க காலை எடுத்ததும் அதுக்குப் பெட்ரோல் நின்னுடும். ஓடுற சக்கரம்தான் அதையும் சேர்த்துச் சுத்தணும். அந்தச் சுமை."

"பழைய கார்ல இப்படி இல்லையே."

"நியூட்ரல்ல விட்டிருப்பாங்க. அப்போ சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

"இதையும் அப்படிப் பண்ணித் தர முடியுமா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

[இங்கே துக்கத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன்.]

"அது ஆபத்துக்கா. ஓடும்போது நியூட்ரல் போடாதீங்க. ஆமா, வேகம் குறைஞ்சதும் என்ன பண்றீங்க?"

"ஆக்ஸிலரேட்டரை மிதிப்பேன். இல்லேன்னா நின்னுடுமே."

"சமமான ரோட்டுல நிக்காது. பிரேக்கைத் தொடாம இருந்தா ஊர்ந்துக்கிட்டே போகும். ஒருநாளாவது விட்டுப் பாத்தீங்களா?"

4

முடிவு, ஒன்று: அக்கா காரை விற்றுவிடுகிறாள். (விற்கவில்லை.)

முடிவு, இரண்டு: கேட்டருகே கார் நிற்கிறது. ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அக்கா

அவள் அழுவதை எழுத எனக்கு யார் அனுமதி தந்தது?

நடந்தது இவ்வளவுதான். மெக்கானிக் ஷெட்டிலிருந்து திரும்பினோம். தெருமுனை. காலை எடுத்தாள். கார் இழுத்தது. வேகம் குறைந்தது. தையல் கடை வந்தது. வழக்கமாக மிதிக்கும் இடம். மிதிக்கவில்லை. கார் நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாய் எங்களை முந்திப் போனது.

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"கேட் வரைக்கும் போகுமா, போகாதா?"

பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன். என்னைத்தான் கேட்டாளா என்று தெரியவில்லை. இன்னும் நான்கு வீடு.

நீங்கள் சொல்லுங்கள். ஆனால் தோற்றவர்தான் டீ போட வேண்டும்.