முடிவு உன் கையில்

அந்தச் சலவைக் கூடத்து மேற்பார்வையாளருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். பொருந்தாத பெயர் என்று அவர் மனைவிகூடச் சொல்லமாட்டாள். ஓட்டல்களிலிருந்து மலைமலையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளையில் விட்டுத் தேய்த்து அனுப்புகிற வேலை. இந்தப் பக்கம் இரண்டு பேர் துணியை உள்ளே கொடுக்க, அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். யாராவது தும்மினால்கூட, வேலை நேரத்தில் என்ன தும்மல் என்று பாய்வார்.

அப்புறம்தான் முதலாளி நாலு புத்தகம் கொடுத்தார். தலைமைப் பண்பு, குழுவாக உழைப்பது என்று பக்கத்துக்குப் பக்கம் உபதேசம். மனுஷன் விழுந்து விழுந்து படித்தார். நல்ல தலைவன் உத்தரவு போடமாட்டான், முடிவைத் தன் ஆட்களிடமே விட்டுவிடுவான் என்ற பாடம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும், நீ என்ன நினைக்கிறாய் என்பதுதான் பதில். புலி புல்லைத் தின்ன ஆரம்பித்துவிட்டதே என்று கூடமே சிரித்தது. குறை சொல்லக் கூடாது, வேலையும் நன்றாகத்தான் நடந்தது.

ஒரு நாள் மத்தியானம், விரிப்பு மடிக்கிற பெண்ணுக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறதாம், மகளைத் தேடுகிறாளாம். கையைப் பிசைந்துகொண்டு அவரிடம் வந்து நின்றாள். மாற்று ஆள் அன்றைக்கென்று பார்த்து லீவு. இவள் போனால் உருளை நின்றுவிடும், சாயங்கால வண்டிக்குச் சரக்கு போகாது. பழைய ஆளாக இருந்தால், இங்கே என்ன வேடிக்கை, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று கத்தித் துரத்தியிருப்பார். படித்த படிப்பு விடவில்லை. கனிவாகச் சொன்னார்.

"முடிவு உன் கையிலம்மா. கூட இருக்கறவங்களோட பேசிக்கோ. நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

அவள் மற்ற மூவரைப் பார்த்தாள். யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குவிந்து கிடந்த துணியைப் பார்த்தாள். வண்டி போனதும் கிளம்புகிறேன் என்று உருளைக்கே திரும்பிவிட்டாள். என்ன ஒற்றுமை என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். பாவி மனுஷன், அப்போதாவது பிடித்துத் தள்ளியிருக்கக் கூடாதா?

வண்டியை அனுப்பிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, தம்பி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

மேற்பார்வையாளர் துக்கம் கேட்கப் போனார். உன்னை நான்தான் அனுப்பியிருக்கணும், தப்பு என்னுடையது என்றார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நீங்க எங்க சார் தடுத்தீங்க? நான்தானே முடிவெடுத்தேன். போகக்கூடாதுன்னு சொல்லியிருந்தா உங்களைத் திட்டியாவது அழுதிருப்பேன். இப்ப நான் யாரைத் திட்டறது?"

"என்னைத் திட்டும்மா" என்று கெஞ்சினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள்.