அன்று அணையாத விளக்கு

சுங்கை ரம்பாய் பக்கத்துச் சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில், மூன்றாம் தொட்டியின் அருகே முனீஸ்வரர் இருந்தார். அந்த இடம் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்துச் சாமி. தோட்டத்தை அழித்தவர்கள் அவருடைய மரத்தை மட்டும் வெட்டப் பயந்து, சுற்றிலும் தொட்டிகளைக் கட்டிவிட்டார்கள்.

தொட்டிக்குள் காற்று இருந்தால் எண்ணெய் கெட்டுவிடும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியே தள்ளுவார்கள். உள்ளே அழுத்தம் அளவை மீறினால், கூரையிலிருந்த சேஃப்டி வால்வு தானே திறந்து வாயுவை வெளியே விடும். அதன் குழாய் கீழே இறங்கி, சாமியைப் பார்த்தபடி முடிந்தது. அது சீறும்போதெல்லாம் சாமி முன்னால் எரியும் விளக்கு அணைந்துவிடும். காற்றில் தடுமாறி அணைவது போலல்ல. யாரோ அதை மறந்துபோனதைப் போல.

விளக்கேற்றுபவள் தேவமலர், அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். அவள் ஒருநாளும் விளக்கை ஊதி அணைத்ததில்லை. பூவால் திரியைத் தொட்டுக் குளிர வைப்பாள். சாமி முன்னால் அது தானாக அணைவதை அவளால் தாங்க முடியவில்லை. நைட்ரஜன் வேலை பார்த்தவன் அவளுடைய ஒரே மகன் நிவேந்திரன். அவனோடு அதே ஷிப்டில் கேத்லீன்.

"அம்மா, அது சாமி கோவம் இல்ல. கேஸ்லா," என்பான் அவன்.

"கேஸுக்கு வெள்ளிக்கெழம மட்டுந்தான் தெரியுமா?"

"வெள்ளிக்கெழமதானம்மா டேங்க்ல வேல."

"உனக்குப் பொண்ணு பாக்கலாம்னு வேண்டிக்கிட்டேன், அணைஞ்சிருச்சு. அதுவும் கேஸா?"

"அது அந்தப் பொண்ணோட நல்ல நேரம், ஆன்ட்டி," என்று கேத்லீன் சொன்னாள். தேவமலர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் கேத்லீனிடம் வந்து, "இன்னிக்கு வெளக்கு அணையாது, என்ன பெட்?" என்றான்.

"கிளேபாங் பீச்சுல கோக்கனட் ஷேக்."

"ரெண்டு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சேஃப்டி வால்வுக்கு அடியில் இன்னொரு வால்வு உண்டு. பழுது பார்க்கும்போது மட்டும் மூட வேண்டியது; அதை மூடினால் மேல் வால்வுக்கு வாயு போகாது. மற்ற நாளெல்லாம் திறந்தபடியே பூட்டியிருக்க வேண்டும். பூட்டு துருப்பிடித்து விழுந்த பிறகு யாரும் புதிதாகப் போடவில்லை. அன்று வாயுவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சிக்கிக்கொண்டது. வாயு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நிவேந்திரன் ஏணியில் ஓடி ஏறியதைக் கேத்லீன் பார்த்தாள். அவன் மேலே போய்ச் சேரும் முன்பே கூரை கிழிந்து அவனைத் தூக்கி எறிந்தது.

கீழே விழுந்து கிடந்த கூரை இரும்பில் அந்த அடிவால்வின் கைப்பிடி குறுக்கே திரும்பி, மூடியபடி இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் பந்தயம் புரிந்தது. அவன் சாவை விசாரிக்க வந்தவர்களிடம் பார்த்ததைச் சொன்னாள். அவனுடைய அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு இது தெரியவே கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது புதுத் தொட்டி வந்தது. தேவமலரும் வேலைக்குத் திரும்பினாள். முதல் வெள்ளிக்கிழமை கேத்லீன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஈர மரத்தடியில் விளக்கு எரிந்தது.

"அன்னிக்கு எப்படி எரிஞ்சுச்சு தெரியுமா, கேத்தி. ஆடக்கூட இல்ல. சாமி மனசு எறங்கிட்டாருன்னு நெனச்சேன். அப்படி எரிஞ்சிட்டு, ஏம்மா இப்படிப் பண்ணுச்சு?"

கேத்லீன் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். பாதி உண்மை.

"ரெகுலேட்டர் கெட்டுப்போச்சு, ஆன்ட்டி."

தேவமலர் தலையாட்டினாள். அந்த நேரத்தில் மேலே எங்கோ வால்வு சீறியது. சுடர் அசையவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முந்தி இங்கதானே ஊதும்?"

"பைப்ப மேல தூக்கிட்டாங்க, ஆன்ட்டி."

"அவ்ளோதானா? ஒரு பைப்பா?"

"ஒரு பைப்புதான்."

தேவமலர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஊதவே இல்லயே. அந்த ரெகுலேட்டர் கெட்டா, இன்னும் ஜாஸ்தியாத்தானே ஊதியிருக்கணும்?"

கேத்லீன் தரையைப் பார்த்தாள். செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் சுரண்டினாள். அவள் நிமிராததைப் பார்த்து, தேவமலரின் முகம் மெல்ல மாறியது.

"மூடிட்டானா?"

கேத்லீனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எதற்காக என்று தேவமலர் கேட்கவில்லை. சாமி காலடியிலிருந்து ஒரு செம்பருத்தியை எடுத்து, எரிந்துகொண்டிருந்த திரியை அழுத்தினாள். புகை மெலிதாக எழுந்து மரத்துக்குள் போனது.

"கேஸுன்னு சொன்னான். எத்தன தடவ சொன்னான். நாந்தான் கேக்கல."

கேத்லீன் அவள் கையைப் பிடித்தாள். அது எண்ணெயும் கரியுமாக இருந்தது. மேலே சீறல் நிற்கவில்லை.

"இது எவ்ளோ நேரம் ஊதும்?"

"உள்ள அழுத்தம் கொறையிற வரைக்கும், ஆன்ட்டி."

"ஊதட்டும்," என்றாள் தேவமலர்.

அது ஓயும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.