பத்தொன்பது ஓட்டைப் பெட்டி

"மாத்திக் குடுத்துரு, ஏட்டி. நல்லவிதமாத்தான் கேக்கேன்..."

"எதுக்குக்கா மாத்தணும்? இது உனக்குன்னு நீங்கதான கையக் காட்டி..."

"காட்டுனேன், காட்டுனேன்! கடல் வரும்னு கண்டேனா? மூத்தவளுக்கு வரவேண்டியது எளையவ வாசல்ல வந்து நிக்கி..."

"நிக்கலைக்கா. வருது, போவுது."

ஜெயசித்ரா சொன்னதுதான் சரி. கடல் நிற்கவில்லை, வந்து போய்க்கொண்டிருந்தது. சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டை ஒட்டிய பொட்டலில் கிடந்த அவளுடைய நீலக் கன்டெய்னருக்குள், மூன்று வருடமாக, நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறிக் கணுக்கால் அளவு நின்று இறங்கியது. இருபதடி நீளம், எட்டடி அகலம். அதற்கு வெளியே ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. ஊருக்குக் கிட்டத்துக் கடல் என்றால் தூத்துக்குடிதான், பஸ்ஸில் போனால் இரண்டரை மணி நேரம். தண்ணீர் முந்தின நாளைவிட முக்கால் மணி நேரம் தள்ளி வரும் என்பதால், அக்கம்பக்கத்தார் அதை ரயில் நேரம் மாதிரி காலண்டரில் குறித்து வைத்திருந்தார்கள். முதல் மாதம் வியந்தார்கள், இரண்டாவது மாதம் வந்து கால் நனைத்துக்கொண்டார்கள், மூன்றாவது மாதம் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஆறாமல் வயிறு எரிந்துகொண்டிருந்தது பொன்செல்வி ஒருத்திக்குத்தான்.

பொன்செல்வி அண்ணன் சண்முகையாவின் மனைவி. ஜெயசித்ரா தம்பி பேச்சிராஜாவின் மனைவி. பங்கு பிரித்தபோது ஆளுக்கு ஆறு விசைத்தறியும் பொட்டலில் ஆளுக்குப் பாதியும் வந்தன. தறி புருஷனுடையது, வீடு மாமனார் கட்டியது. பொன்செல்விக்கென்று இருந்த சொத்து அவளுடைய கண்தான். கத்தரிக்காயைக் காம்பைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினால் உள்ளே புழு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். குத்துவிளக்கு வாங்க, கிரைண்டர் வாங்க, மாடு பிடிக்க, பெண் பார்க்க, எதற்குப் புறப்பட்டாலும் சொந்தக்காரர்கள் அவளைக் காரில் முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். அவள் "நல்லாருக்கு" என்றால் தாம்பூலம் மாற்றுவார்கள். "பரவால்ல" என்றால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். முப்பது வருடத்தில் அந்தக் கண் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை, அந்த வாய் ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

நூல் வைத்திருந்த கொட்டகை ஒழுகத் தொடங்கிய வருடம், இரண்டு வீட்டுக்கும் பழைய கன்டெய்னர் ஒவ்வொன்று வாங்கிப் போடுவது என்று முடிவானது. ஓரகத்திகள் இரண்டு பேரும் தூத்துக்குடிக்குப் போனார்கள். கப்பலில் ஏற்ற உதவாது என்று கழித்த பெட்டிகளை அங்கே வாங்கி விற்றவன் அஃப்ரோஸ். கடையநல்லூர்க்காரன், துபாய்த் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் பெட்டிகளோடு கிடந்தவன். இரண்டு பெட்டியை ஒரே விலைக்குக் காட்டினான். ஒன்று பளபளவென்று நீலம். இன்னொன்று வெயிலில் வெளுத்த சிவப்பு, பக்கவாட்டில் யானை முட்டினாற்போல ஒரு பள்ளம்.

"பெயின்ட்ட நம்பாதீங்கக்கா," என்றான் அஃப்ரோஸ். "புதுசா அடிச்சிருந்தா எதுக்கு அடிச்சான்னு கேளுங்க. பள்ளத்தப் பாத்துப் பயப்படாதீங்க, பள்ளம் ஒழுகாது. கதவ ஒத்தக் கையால தள்ளுங்க. இழுத்துப் பிடிச்சா சட்டம் கோணியிருக்கு. ரப்பரக் கிள்ளிப் பாருங்க. தரைப் பலகையில முட்டி போட்டு மோந்து பாருங்க, மருந்து வாடை அடிச்சா நூலுக்கு ஆகாது. எல்லாம் முடிஞ்சு உள்ள நின்னுக்கிட்டுக் கதவச் சாத்தச் சொல்லுங்க. மத்ததெல்லாம் பெயின்ட் மறைக்கும். வெளிச்சத்த மறைக்காது."

பொன்செல்வி தள்ளினாள், கிள்ளினாள், மோந்தாள். வீட்டுச் சாவியால் சுவரைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தாள். சிவப்பு கோயில் மணி மாதிரி கணீரென்றது. நீலம் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி சொத்தென்றது. சிவப்புக்குள் நின்று கதவைச் சாத்தச் சொன்னபோது அவளுக்குத் தன் கையே தெரியவில்லை. வெளியே லாரி ஹாரன் அடித்தது அவளுக்குக் கேட்கவும் இல்லை. நீலத்துக்குள் நின்றபோது கூரையில் பதினொன்றும் பக்கங்களில் எட்டுமாகப் பத்தொன்பது இடத்தில் வெளிச்சம் குத்தியது. இரண்டு தடவை எண்ணினாள். வெளியே வந்தாள். தண்ணீர் பாட்டிலோடு நின்ற ஜெயசித்ரா, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

பொன்செல்வி நீலத்தின் மேல் கையை வைத்தாள். "நல்லாருக்கு. இது உனக்கு," என்றாள்.

வாய் கண்ணை மாற்றிச் சொன்னது அன்றைக்குத்தான். ஏன் சொன்னாள் என்றால், பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து ஜெயசித்ராவுக்கு எதுவும் பார்க்காமலே நல்லதாக அமைந்தது. பார்க்காமல் எடுத்த சேலை சாயம் போகாது, பார்க்காமல் ஏறிய பஸ்ஸில் சீட்டுக் கிடைக்கும். ஒரு தடவையாவது பார்த்து எடுத்தவளுக்கு நல்லது வரட்டுமே என்று பொன்செல்விக்குத் தோன்றியது.

பெட்டிகள் வந்து இறங்கிய ஒன்பதாம் நாள், நூல் எடுக்கக் கதவைத் திறந்த ஜெயசித்ராவின் பாதத்தில் தண்ணீர் ஏறியது. சாக்கடை உடைந்துவிட்டதாக நினைத்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேல்தட்டில் நனையாமல் இருந்த நூல் மூட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பத்தொன்பது ஓட்டை வழியாகவும் அன்றிலிருந்து கடற்காற்று வீசியது. கூரையில் அலையின் வெளிச்சம் நெளிந்தது. அந்த வருட அக்கினி நட்சத்திரத்தில் மற்ற தறிக்காரர்கள் இழை அறாமலிருக்கத் தரைக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஓய்ந்துபோனார்கள். ஈரக்காற்றில் பதமாக ஊறிய ஜெயசித்ராவின் நூல் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு தடவைகூட அறவில்லை. நூலில் உப்புப் பூக்கவும் இல்லை. ஏன் பூக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூத்திருக்குமோ என்னவோ.

ஆடித்தபசுக்கு வந்த கூட்டத்தில் பாதி அம்மனைக் கும்பிட்ட கையோடு பொட்டலுக்கு வந்து வரிசையில் நின்றது. ஜெயசித்ரா யாரிடமும் துட்டு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பொன்செல்விக்குத் திட்டுவதற்காவது ஒரு இடம் கிடைத்திருக்கும். அதைவிடக் கொடுமை, வந்தவர்கள் போகிற வழியில் பொன்செல்வி வீட்டிலும் எட்டிப் பார்த்தார்கள். "நீங்க பாத்து எடுத்துக் குடுத்த பெட்டியாமே! எப்பேர்ப்பட்ட கண்ணு! அதுல பாருங்க, தனக்குன்னு வச்சுக்கிடாம எளையவளுக்குக் குடுத்திருக்கீங்களே, இந்தக் காலத்துல யாருக்கு வரும் அந்த மனசு?" என்றார்கள். பொன்செல்வி அவர்களுக்கு மோர் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு டம்ளர்களைத் தேவைக்கு மேல் தேய்த்தாள்.

தண்ணீர் இறங்கும்போது சில நாள் பலகையில் சாளை மீன் துள்ளிக் கிடக்கும். ஜெயசித்ரா குழம்பு வைத்து மூத்தவள் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுவாள். பொன்செல்வி அடுப்படியில் நின்றபடியே ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டு, சட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்து, "உப்பு கொஞ்சம் தூக்கல்," என்பாள். சண்முகையா சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதலில் வேட்டிக் கரையைப் பார்ப்பாள்.

"எங்க போயிட்டு வாரீய?"

"தம்பி வீட்டுப் பக்கம் சும்மா. கால் வலிக்கு இதமா இருக்கு செல்வி."

"இருவத்தஞ்சு வருசமா வெந்நி வச்சு ஊத்துனேன், அது இதமா இல்லையாக்கும்?"

அவளுடைய சிவப்புப் பெட்டி மட்டும் அப்படியே நல்ல பெட்டியாக இருந்தது. ஒழுகவில்லை, துருப்பிடிக்கவில்லை, எறும்பு நுழையவில்லை. அதற்குள் வைத்த நூல் வைத்தபடி உலர்ந்து கிடந்து, தறியில் ஏற்றிய அரைமணி நேரத்தில் படக் படக்கென்று அறுந்தது. பொன்செல்வி அண்டாவில் தண்ணீர் நிரப்பி உள்ளே வைத்தாள். கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கிக் கரைத்தாள். திருச்செந்தூரில் சங்கு வாங்கிவந்து நாலு மூலையிலும் வைத்தாள். அண்டாவில் கொசு வந்தது. ஒரு நாள் வெல்டிங்காரரைக் கூப்பிட்டு, "பாவம், எளையவ பெட்டியில ஓட்டையா இருக்கு, என் செலவுல அடைச்சுக் குடுத்துருங்க அண்ணாச்சி," என்று அனுப்பினாள். அவர் பத்தொன்பதையும் தகடு வைத்து அடைத்தார். காற்று ஓட்டை வழியாக வந்தது போலவே தகடு வழியாகவும் வந்தது. மறுவாரம் அதே வெல்டிங்காரரைத் தன் பெட்டிக்குக் கூட்டி வந்து, அதே அளவில் பத்தொன்பது ஓட்டை போடச் சொன்னாள். அவர் டிரில்லரை வைத்து அழுத்தப் போனபோது பொன்செல்வி ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டாள். நல்ல சாமானைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இனிக் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று மறுநாள் பொட்டலுக்கு வந்துதான் அந்தச் சண்டையைத் தொடங்கினாள்.

காலை பத்து மணி. தண்ணீர் ஏறி நின்ற நேரம். கால் நனைக்க வந்த பத்துப் பதினைந்து பேரும், சண்முகையாவும் பேச்சிராஜாவும், பெட்டிகளுக்குச் சில்லறைச் சாமான் கொண்டுவந்த அஃப்ரோஸும் நின்றார்கள். ஜெயசித்ரா சேலையைச் செருகியபடி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னாள்:

"சரிக்கா. மாத்திக்கிடுவோம். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு எடுத்துக்கிடுங்க. அன்னைக்குக் கதவச் சாத்தச் சொல்லி இதுக்குள்ள நின்னீங்கல்லா? என்ன பாத்தீங்க?"

பொன்செல்வி மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொல்லாவிட்டால் கடல் இங்கேயே கிடக்கும். தன் பெயர் ஊர் முழுக்க மணக்கும். சொன்னால் கடல் வரும்; முப்பது வருடத்துக் கண் போகும். முன் சீட்டுப் போகும். சண்முகையாவைப் பார்த்தாள். அவர் வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு, குளத்தில் இறங்கிய எருமை மாதிரி அத்தனை சுகமாக இளையவள் பெட்டியில் நின்றிருந்தார்.

"பத்தொம்பது ஓட்டை," என்றாள் பொன்செல்வி. "ரெண்டு தடவ எண்ணுனேன். தெரிஞ்சுதான் தள்ளிவிட்டேன். போதுமாட்டி?"

அஃப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"பத்தொம்பதா?" என்றாள் ஜெயசித்ரா. "நீங்க செவப்பத் தடவிக்கிட்டு நின்னப்போ நானும் இதுக்குள்ள போயி அஃப்ரோஸ் தம்பியக் கதவச் சாத்தச் சொன்னேன். பதினெட்டுதான் எண்ணுனேன். ஒண்ண விட்டுட்டேன் போல."

"தெரிஞ்சா எடுத்த?"

"நீங்க அத அவ்வளவு ஆசையாத் தடவுனீங்கக்கா," என்றாள் ஜெயசித்ரா. பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "கிரேனுக்குச் சொல்லுங்க," என்றாள்.

கிரேன் வந்தது. பெட்டியோடு கடல் போகுமா, மண்ணோடு நிற்குமா, அல்லது மனுஷியோடு போகுமா என்று டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். பெட்டியோடு போனது. மறுநாள் காலை, முந்தின நாளைவிட முக்கால் மணி நேரம் தள்ளி, பொன்செல்வியின் பங்குப் பொட்டலில் கடல் ஏறியது. யார் நல்லவள், யார் கெட்டவள் என்று அது பார்க்கவில்லை. பொன்செல்வியின் நூல் அறுவது நின்றது. வரிசை அவள் வாசலுக்கு வந்தது. மீன் அவள் பலகையில் துள்ளியது. குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் இளையவளுக்குக் கொடுத்துவிட்டாள். சட்டி கழுவித் திரும்பி வந்தது, "நல்லாருந்துச்சுக்கா" என்ற சொல்லோடு. ஒரு குறையும் சொல்லவில்லையே என்று பொன்செல்விக்கு அன்று முழுக்க உறுத்தியது. பாத்திரம் வாங்க மட்டும் அவளை இப்போதும் கூப்பிடுகிறார்கள். பெண் பார்க்கக் கூப்பிடுவதில்லை.

ஜெயசித்ரா தன் நூலுக்கு மற்றவர்களைப் போலத் தண்ணீர் தெளித்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சிவப்புப் பெட்டிக்குள் போவாள். பேச்சிராஜா வெளியே கதவைச் சாத்திவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போன் பார்ப்பான். அரைமணி நேரம் கழித்துத் திறப்பான். அவள் வெளியே வரும்போது அவள் முகம் யாரோ நல்ல சேதி சொன்ன முகம் மாதிரி இருக்கும். முதல் நாள் பொன்செல்வி அதைப் பார்த்தாள். இரண்டாம் நாள் அதைப் பார்ப்பதற்கென்றே வாசலில் நின்றாள். தினமும் நின்றாள். தான் மோந்து பார்த்த பெட்டி, தட்டிப் பார்த்த பெட்டி, இருட்டைத் தவிர ஒன்றுமே இல்லாத பெட்டி. பேச்சிராஜாவிடம் கேட்டால், "தெரியல மயினி, எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கா," என்றான். புரட்டாசியில் ஒரு மத்தியானம், கடல் ஏறி நின்ற நேரம், பொன்செல்வி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, ஈரக்காலோடு பொட்டலைக் கடந்து போனாள். ஒரு சத்தமும் உள்ளே போகாத, ஒரு சத்தமும் வெளியே வராத அந்தச் சிவப்புக் கதவில் இரண்டு கையாலும் தட்டினாள்.

"ஏட்டி சித்ரா, உள்ள அப்படி என்னட்டி இருக்கு?"