டிரென்ட்டின் முதுகு

டிரென்ட்டின் முதுகு கல்லூரி முழுக்கப் பிரபலம். சின்ன வயதிலிருந்தே வைக்கோல் கட்டு தூக்கியதில் இடுப்பின் கடைசி முள்ளெலும்பு வலப்பக்கம் திரும்பி நின்றுவிடும். கையாலேயே உடம்பைச் சரிசெய்யக் கற்றுத்தரும் மிசூரி மருத்துவக் கல்லூரி அது. தேர்வில் மாணவர்கள் ஜோடியாகச் சேர்ந்து, ஒருவர் உடம்பில் மற்றவர் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்; டிரென்ட் ஜோடியாகக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

மார்லிஸ் ஹோக்கலுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. வசந்தகாலத் தேர்வில் தோற்றவள். இப்போதும் தோற்றால் முழு வருடத்தையும் மறுபடி படிக்க வேண்டும்.

டிரென்ட் குப்புறப் படுத்தான். மார்லிஸ் இரண்டு கட்டைவிரல்களையும் அவன் இடுப்பில் வைத்தாள். இரு பக்கமும் சமம். உட்காரவைத்து முன்னால் சாய்த்தாள், பின்னால் வளைத்தாள், மறுபடி குப்புறப் படுக்கவைத்தாள். எலும்பு சுகமாக அசைந்தது.

"என்னடா ஆச்சு?" என்று கிசுகிசுத்தாள்.

"நேத்து நம்ம கிளாஸ் பெக்கா பழகிப் பாக்கணும்னா. படுத்துக் குடுத்தேன். சரியாயிடுச்சு போல."

"நல்லா இருப்ப."

"வலப்பக்கம்னே சொல்லிடு. தேர்வு வைக்கிற அந்தம்மாவுக்கு என் முதுகு மனப்பாடம்."

தேர்வாளர் டாக்டர் வாண்டிவர் அருகில் வந்தார். "இடுப்புல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல, டாக்டர். எல்லாமே அசையுது."

"போன வாரம் நானே தொட்டுப் பாத்தேனே. வலப்பக்கம் திரும்பியிருந்துச்சு."

"இன்னைக்கு இல்ல."

மார்லிஸ் கையை எடுக்கவில்லை. இத்தனை நாள் அந்த எலும்பை வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது எது? விரல்களை மேலே நகர்த்தினாள். "மூச்சை இழு, டிரென்ட்."

இடப்பக்கக் கடைசி விலா விரிந்தது. வலப்பக்கம் அப்படியே கிடந்தது. அதன் கீழே, இடுப்பெலும்பு வரை ஓடும் தசை கயிறு மாதிரி விறைத்திருந்தது.

"இங்க பிடிச்சிருக்கு. இதைச் சரிபண்றேன், டாக்டர்."

"பண்ணு."

ஒரு கையால் விலாவை அணைத்துப் பிடித்தாள். மறுகையால் இடுப்பெலும்பை லேசாகத் தூக்கினாள். "இடுப்பை மேஜைப் பக்கம் அழுத்து. மெதுவா. என்னை ஜெயிக்க வேண்டாம்."

"ஜெயிச்சா?"

"வாயை மூடிட்டு அழுத்து. போதும், விடு."

தள்ளி ஓய்ந்த தசை தானாகவே தளர்ந்தது. தளர்ந்த அளவுக்கு மட்டும் மேலும் தூக்கினாள். மறுபடி அழுத்தச் சொன்னாள், மறுபடி விடச் சொன்னாள். கயிறு போலிருந்த இடம் பிசைந்த மாவு போல மெத்தென்று ஆனது.

"இப்ப மூச்சை இழு."

வலது விலா அவள் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு விரிந்தது. டிரென்ட் இன்னொரு மூச்சு இழுத்தான், யாரும் கேட்காமலே.

வாண்டிவர் தன் கையை வைத்தார். இடுப்பு, விலா, மறுபடி இடுப்பு. அவசரப்படவில்லை.

"இடுப்பு சரியாத்தான் இருக்கு," என்றார். "வலப்பக்கம்னு சொல்லியிருந்தா இப்பவே வெளிய அனுப்பியிருப்பேன். பாஸ், மார்லிஸ்."

டிரென்ட் எழவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கவா? மூச்சு நல்லா இறங்குது."

"எந்திரி," என்றாள் மார்லிஸ். "இப்ப நான் படுக்கணும். உன் தேர்வு பாக்கி."

அவன் முகம் மாறியது. "உனக்கு எங்கயாவது பிடிச்சிருக்கா?"

"தேடிக் கண்டுபிடி," என்று மேஜையில் ஏறிப் படுத்தாள்.